பேருக்கு ஒரு தம்பி

786
திருப்பூர், 3-10-1966

தம்பி அலாவுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று வருடம் கழித்து அக்காவின் கடிதம் வந்திருக்கிறதே, யாரும் மவுத்தாகிவிட்டார்களோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உறவு கொண்டாடவும் எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டும். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழி.

வருகிற ஹஜ்ஜுக்குப் போவதென்று நிய்யத் வைத்துவிட்டேன். உன் மச்சானும் நானும் சேர்ந்து போவதாக இருந்தது உனக்குத் தெரியும். பனியன் கம்பெனி கொஞ்சம் நிமிரட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இனித் தள்ளிப் போடுவதாக இல்லை.

கோயமுத்தூரில் ஓர் ஏஜெண்ட் 'ஸ்பெஷல் குரூப்' கூட்டிப் போகிறார். பம்பாயிலிருந்து கப்பலில் முதல் வகுப்பு அறை. சமையல்காரரும் கூடவே வருகிறார், நம் ஊர் அரிசி பருப்பை மூட்டை கட்டிக்கொண்டு. மக்காவில் கஅபா இருக்கிற ஹரமுக்குப் பக்கத்திலேயே தங்க வீடு. எங்கே எதை ஓதுவது, எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லிக் கொடுக்க ஓர் ஆலிம் பச்சைக் கொடி பிடித்து முன்னால் நடப்பாராம். திரும்பும்போது பாக்தாத் தர்கா ஜியாரத்தும் உண்டு. விலை கூடுதல்தான். அறையில்லாமல் கப்பலின் மேல்தட்டில் போகிறவர்கள் அந்தக் காசில் குடும்பத்தோடு போய் வந்துவிடலாம். அது என் பாடு.

ஒன்றுதான் இடிக்கிறது. பெண்பிள்ளை தனியாகப் போக வழியில்லை. மஹ்ரம் வேண்டும் என்கிறார்கள். புருஷன், தகப்பன், மகன், கூடப்பிறந்தவன் என்று நிக்காஹ் செய்யக்கூடாத உறவில் ஓர் ஆண் கூட வர வேண்டும். புருஷனும் இல்லை, அத்தாவும் இல்லை, அல்லாஹ் எனக்குப் பிள்ளையும் கொடுக்கவில்லை. மிச்சம் இருப்பது நீ ஒருவன்.

உன் செலவும் என்னுடையது. டிசம்பர் முடிவதற்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். வருகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

காத்தூன் பீவி

&nbsp;

786
மங்கலம், 11-10-1966

காத்தூன் பீவி அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்களுக்குத்தான் தம்பியே கிடையாதே. இதை நானாகச் சொல்லவில்லை. உங்கள் கம்பெனி வாசலில், கட்டிங் ஆட்களும் டெய்லர்களும் பேக்கிங் பெண்களும் வாய்பிளந்து நிற்க, நீங்களே சொன்னது. "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. எங்க அத்தாவோட எல்லாம் முடிஞ்சு போச்சு." நான் பஸ் பிடித்து ஊர் வந்து சேருவதற்குள் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் மங்கலம் வந்து உட்கார்ந்திருந்தது.

அதிருக்கட்டும். கேட்டதற்குப் பதில்: வரவில்லை.

உங்கள் காசில் ஹாஜியார் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. விசைத்தறி வைத்துப் பிழைக்கிறேன். என் கடமைக்கு நேரம் வரும்போது என் வியர்வையில் போவேன். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போவேன்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ராஜாவும் கூலிக்காரனும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒன்றாக நிற்கிற இடத்துக்கு முதல் வகுப்பு எதற்கு? சமையல்காரர் எதற்கு? நீங்கள் ஹஜ்ஜுக்குப் போகிறீர்களா, ஊட்டிக்குப் போகிறீர்களா? மச்சான் இருந்திருந்தால் இந்த ஸ்பெஷலை வாசல்படி ஏற விட்டிருப்பாரா? கம்பெனி நடத்துகிற அம்மா, நாலு பேர் பார்க்கப் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வேறு விதமாகத் தோன்றவில்லை.

அலாவுதீன்

&nbsp;

786
திருப்பூர், 22-10-1966

அலாவுதீனுக்கு,

நாலு பேர் பார்க்க நான் போகிறேனா? சரி, அப்படியே வைத்துக்கொள்.

உன்னைக் கேட்டது என் புத்தி. இனி நீ சிரமப்பட வேண்டாம். ஏஜெண்டிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "இதுக்கெதுக்குங்கம்மா விசனப்படறீங்க? தனியா வர்ற அம்மாமாருக்கு நாங்களே பாத்துக்குவோமுங்க" என்றார். கரூரிலிருந்து அப்துல் ரவூப் என்று ஒருவர் அதே குரூப்பில் வருகிறாராம். ரிட்டயர் ஆன மனிதர், நல்ல மாதிரி, அஞ்சு வேளை தொழுகிறவர். காகிதத்தில் அவரை என் தம்பி என்று எழுதிவிடுவார்களாம். "பேருக்குத்தானுங்க. கப்பல் ஏறினதும் அவர் பாட்டுக்கு அவரு, நீங்க பாட்டுக்கு நீங்க." இதெல்லாம் ஸ்பெஷலில் சேர்த்திதானாம், தனியாகக் காசு கூட இல்லை.

எனக்குக் கொஞ்சம் மனசு உறுத்தியது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இருக்கிற தம்பி வரமாட்டேன் என்றால் எழுதி வைத்த தம்பியோடு போவதைத் தவிர நான் என்ன செய்ய? நாளை மறுமையில் கேள்வி வந்தால் உன்னைக் கைகாட்டுவேன்.

கார்த்திகையில் கல்கத்தா ஆர்டர் இருக்கிறது. எனக்கு வேலை தலைக்கு மேல். இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

காத்தூன் பீவி

&nbsp;

786
மங்கலம், 6-11-1966

அக்காவுக்கு,

யார் அந்த அப்துல் ரவூப்? நம் அத்தாவுக்கு நான் ஒரே மகன். கரூரில் இன்னொரு மகன் இருப்பதாக அவர் மவுத்தாகும் வரை சொல்லவில்லையே! அவர் அம்மா யார், நம் அம்மாதானா? அக்கா, உங்கள் வாயால் நம் அம்மா பெயரைச் சொல்லி அந்த மனிதருக்கும் அதுதான் அம்மா என்று எழுதிக் கொடுப்பீர்களா? எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கையை உயர்த்தி கஅபாவின் முன்னால் துஆ கேட்பீர்களா?

படித்ததும் தறியை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு கிளம்பி விசாரித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் சொல்லி நான் போகவில்லை, என் ஆத்திரத்துக்குப் போனேன்.

ஊத்துக்குளியில் அஜீஸுன்னிசா என்று ஓர் அம்மா. வெண்ணெய் வியாபாரம் செய்கிற குடும்பம். போன வருடம் புருஷனோடு இதே ஏஜெண்டின் ஸ்பெஷலில் போய் வந்தவர். கேட்டேன். நல்லதை நல்லது என்றுதான் சொன்னார். மக்காவில் ஹரமுக்குப் பக்கத்து வீடு பெரிய உதவியாம். தூரத்தில் தங்கினவர்கள் வெயிலில் நடந்தே பாதி உயிராகிவிட்டார்களாம். முதல் வகுப்பு அறையில் முதல் நாள் வாந்தி எடுத்தார், மேல்தட்டில் இருந்தவர்களும் எடுத்தார்கள், கடலுக்கு வகுப்பு தெரியவில்லை என்று சிரிக்கிறார். சமையல்காரர் பாதி நாள் காய்ச்சலில் கிடந்தார். பாக்தாதுக்கு அனுமதி வரவில்லை. ஆலிம் அருமையான மனிதர், எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வாராம்.

ஆனால் கஅபாவைத் தவாஃப் சுற்றும்போது என்ன ஆயிற்று தெரியுமா? அந்த அம்மாவின் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளுச்சுங்க. கொடி எங்கியோ போயிருச்சு. எங்கூட்டுக்காரரு என் கைய இறுக்கிப் புடிச்சிருந்தாரு, அதனால தப்பிச்சேனுங்க. கொடி புடிக்கறவரு நம்ம கையப் புடிக்க முடியுங்களா? பாவம், அவரு அந்நிய ஆம்பளையாச்சுங்களே."

கேட்டீர்களா அக்கா? அந்த ஆலிம் உங்கள் கையைத் தொடமாட்டார். தொடவும் கூடாது. கரூர்க்காரர் தொழுகையாளி என்கிறீர்கள், அப்படியானால் அவரும் தொடமாட்டார். காகிதத்தில் தம்பி, கூட்டத்தில் அந்நியன். ஸ்பெஷல் என்று அவ்வளவு கொட்டிக் கொடுத்து, தள்ளுமுள்ளில் நீங்கள் யார் கையைப் பிடிப்பீர்கள்?

அவரைத் தம்பி என்று எழுதினால் நான் நேரே ஏஜெண்டிடம் போய் நின்று சத்தம் போடுவேன். ஜமாஅத்திலும் சொல்வேன். இது மிரட்டல்தான்.

இன்னொன்று. உங்கள் எழுத்துக்கு என்ன வந்தது? அத்தா மூங்கில் பேனாவில் எழுதப் பழக்கியபோது உங்கள் வரி நூல் பிடித்த மாதிரி போகும், என்னுடையதுதான் கோணும். இப்போது உங்கள் வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. போன கடிதத்தில் பேப்பரைத் தாண்டி ஒரு சொல் பாதியில் நிற்கிறது. அவசரத்தில் எழுதினீர்களா?

அலாவுதீன்

&nbsp;

786
திருப்பூர், 20-11-1966

அலாவுதீனுக்கு,

என்னைக் கேட்காமல் ஊத்துக்குளி வரை போய் விசாரிக்கச் சொன்னது யார்? அன்றும் இதே வேலையைத்தான் செய்தாய். எனக்கு நல்லது என்று நீயே முடிவு கட்டினாய், நீயே நடத்தினாய்.

சொல்லத்தான் போகிறேன், கேட்டுக்கொள். உன் மச்சான் மவுத்தாகி நான் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். அந்நிய ஆண் எவனும் என் முகம் பார்க்கக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. நூல் வியாபாரிகள் வாசலில் கத்தினார்கள், டெய்லர்கள் சம்பளம் என்றார்கள், எல்லாம் உள்ளே கேட்டது. பதில் சொல்ல வழியில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய். கம்பெனியைப் பூட்டினாய், ஆட்களைப் போகச் சொன்னாய். சாவியைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான் இத்தா முடிந்து வெளியே வந்து பார்த்தால் மெஷினில் ஒட்டடை, ஆட்கள் வேறு கம்பெனியில்.

திருடு போகாமல் காப்பாற்றினேன் என்பாய். இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். உலகத்தில் எல்லா ஆணுக்கும் அந்தக் கதவு அடைத்திருந்தது. உனக்கு ஒருவனுக்குத்தான் திறந்திருந்தது. நீ என் மஹ்ரம். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்து, "அக்கா, பூட்டட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ஏன் வரவில்லை? அழுகிற பெண்ணுக்கு வியாபாரம் தெரியாது என்றுதானே? அந்த வயிற்றெரிச்சலில்தான் வாசலில் அப்படிச் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் எனக்கு ருசிக்கவில்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். மறைத்துப் பயனில்லை.

போன ஆடியில் மாரக்காள் ஒரு பனியனைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் கம்பெனியில் பீஸ் பார்த்து அடுக்குகிறவள், உனக்கும் தெரிந்தவள்தான். "ஏனுங்கம்மா, இதுல தையல் விட்டுப் போயிருக்குது, நீங்க சரின்னு போட்டிருக்கறீங்களே" என்றாள். வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் எனக்குத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். கோயமுத்தூர் டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நேரே இருப்பது மட்டும் தெரிகிறது, பக்கவாட்டில் எல்லாம் இருட்டு. மருந்து விட்டுத் தள்ளிப் போடலாமாம், போனது திரும்பாதாம். எவ்வளவு நாள் என்று அவருக்கே தெரியவில்லை.

இப்போது சொல். நான் நாலு பேர் பார்க்கப் போகிறேனா? நான் பார்க்கப் போகிறேன். அதற்குத்தான் அவசரம். வீடு பக்கத்தில் வேண்டும், வழி சொல்ல ஆள் வேண்டும், படியில் தடுக்கி விழாமல் ஓர் அறை வேண்டும் என்றுதான் ஸ்பெஷல். பருப்பு மூட்டைக்காக இல்லை.

கொடியை நான் யோசிக்காமல் இல்லை. அத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள், பச்சை மட்டும் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன். உன் கடிதம் வந்த அன்று மாரக்காளிடம் ஒரு பச்சைத் துணியைக் கொடுத்து முற்றத்தில் நடக்கச் சொன்னேன். இரண்டு தடவை திரும்பினாள், அவ்வளவுதான், காணவில்லை.

பயமாக இருக்கிறது தம்பி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

காத்தூன்

&nbsp;

786
மங்கலம், 1-12-1966

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ஊட்டி என்று எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பூட்டு விஷயத்தில் இன்றைக்கும் நான் செய்தது தப்பு என்று முழுதாகச் சொல்லமாட்டேன். அந்த நூல் வியாபாரிகளை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஆனால் உள்ளே வந்து ஏன் கேட்கவில்லை என்றால், மச்சான் இல்லாத வீட்டில் உங்களை வெள்ளைச் சேலையில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அறை வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன். வியாபாரம் தெரியாது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

நான் வருகிறேன். கரூர்க்காரர் வேண்டாம்.

ஸ்பெஷலை விட வேண்டாம் அக்கா. பக்கத்து வீடு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அறையும் வேண்டும். நீங்கள் முதல் வகுப்பில் வாருங்கள். நான் அதே கப்பலில் என் சொந்தக் காசில் மேல்தட்டில் வருகிறேன். தினமும் கீழே இறங்கி வந்து உங்கள் கதவைத் தட்டி நலம் விசாரிக்கிறேன். மக்காவில் நான் எங்காவது படுத்துக்கொள்வேன், தொழுகை நேரத்துக்கு வந்து கூட்டிப் போவேன். உங்கள் காசு எனக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. அந்த மட்டும் என்னை விடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும், கேட்கக் கூசுகிறது. கப்பல் புறப்பட இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள், அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், மிச்சப் பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது? அங்கே போய் நின்றும் பார்க்க முடியாமல் போனால் தாங்குவீர்களா? அதற்குப் பதில் மதுரைக்கோ சென்னைக்கோ போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்கலாமா? நீங்கள் சொன்னால் நாளைக்கே வருகிறேன். நீங்கள் சொல்லாமல் எதையும் செய்யமாட்டேன்.

தம்பி அலாவுதீன்

&nbsp;

786
திருப்பூர், 19-12-1966

அன்புள்ள தம்பி அலாவுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் கொள்கிறது. நிறையக் காகிதம் ஆகும், சிரிக்காதே.

சென்னை டாக்டரையும் பார்த்தாயிற்று. உன்னிடம் சொல்லாமல் மாரக்காளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். கேட்காமல் செய்கிற பழக்கம் நம் குடும்பத்துக்கே இருக்கிறது. அவரும் அதையேதான் சொன்னார்.

நீ கொடுத்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. மேல்தட்டில் நீ, கீழே அறையில் நான், நடுவில் ஒரு கதவு. நீ வெளியே நின்று தட்டுவாய், நான் உள்ளே உட்கார்ந்து உன் குரலைக் கேட்பேன். தம்பி, அந்த மாதிரி ஒரு கதவுக்குப் பின்னால் நான் ஒரு தடவை உட்கார்ந்தது போதும்.

கோயமுத்தூர் போய் ஸ்பெஷல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொடி, சமையல்காரர், பாக்தாத் எல்லாம் வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். கையைப் பிடிக்க ஆள் இருக்கிறவர்களுக்கு அது சொகுசு. ஆள் இல்லாதவர்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நானும் மேல்தட்டுக்கு வருகிறேன். இரண்டு பாய் வாங்கி வை, கோரைப் பாயாகப் பார்த்து வாங்கு. ஹரமுக்குப் பக்கத்து வீட்டில் மட்டும் நம் இருவருக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்கு நான்தான் கொடுப்பேன். அதில் வாயைத் திறந்தாயோ, நடுக்கடலில் இறங்கி நடந்தே வந்துவிடுவேன்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வர வேண்டுமே. முந்தாநாள் வேலை விட்டதும் ஆட்களை அதே வாசலில் நிற்கச் சொன்னேன். "அன்னைக்கு இங்க நின்னு எனக்குத் தம்பி இல்லைன்னு சொன்னேன். அது பொய். எனக்குத் தம்பி இருக்கறான். அவன் கூடத்தான் ஹஜ்ஜுக்குப் போறேன். உங்க யாருக்கும் நான் ஏதாச்சும் அநியாயம் பண்ணியிருந்தா பொறுத்துக்கங்க" என்றேன். மாரக்காள்தான், "அது எங்களுக்குத் தெரியாதுங்களாம்மா? இல்லாத தம்பிய யாரு அப்படி வையுவாங்க?" என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மங்கலத்து ஆட்கள் இருந்தார்கள், உனக்குப் பேச்சு வந்து சேர்ந்திருக்கும். பூட்டைப் பற்றி உன்னிடம் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதைக் கப்பலில் வைத்துக்கொள்வோம், பத்து நாள் வேறென்ன வேலை?

காகிதத்தில் மஹ்ரம் என்ற இடத்தில் உன் பெயரை ஏஜெண்டையே எழுதச் சொன்னேன். உறவு என்ற இடத்தில் உடன்பிறந்த தம்பி. எழுதிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி, "இவரும் பேருக்குத்தானுங்களாம்மா?" என்றார்.

"இல்லீங்க, இவன் நெசமானவன். சந்தேகமிருந்தா எங்க ரெண்டு ஊர்லயும் கேட்டுப் பாருங்க, மூணு வருசமா சண்டை" என்றேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, இல்லையா? யோசித்துத்தான் வைத்திருக்கிறேன். போய்ச் சேரும்போது கண்ணில் வெளிச்சம் மிச்சமிருந்தால் கஅபாவை நானே பார்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் நீ பார்த்து எனக்குச் சொல். உள்ளதை உள்ளபடி சொல், என் மனசு நோகுமென்று கூட்டிச் சொல்லாதே. கையை விட்டுவிடாதே. கூட்டத்தில் எந்தப் பக்கம் திரும்புவதானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பு.

உன் அக்கா
காத்தூன்